இடது பக்கம் மூன்று

1931ஆம் வருடம் ஜூலை மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிஷம். வானம் மூடியிருந்தது. கடற்காற்று இல்லை. முந்தின நாள் விழுந்த தூறலில் மயிலாப்பூர் முழுவதும் புழுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வயது ஒன்பது. எங்கள் வீட்டுக் கிணற்றுச் சுவர்மேல் இருந்த, நான் தொடக் கூடாத ஒரு கண்ணாடி டம்ளருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

டம்ளரில் மாமாவின் சீவாளி ஊறிக்கொண்டிருந்தது. மாமா அம்மாவின் தம்பி. பி.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தேறாமல் எங்களோடு இருந்தார். ஊருக்குத் திரும்பிப் போன யாரோ ஒரு துரையின் சாமான்களை மவுண்ட் ரோட்டில் ஏலம் விட்டபோது, ஓபோ என்ற ஊதுகுழலை வாங்கி வந்துவிட்டார். நாகசுரத்துக்குச் சீமையில் பிறந்த தம்பி மாதிரி ஒல்லியாக, கறுப்பாக இருந்தது. அதன்மேல் வெள்ளி விசைகள் இருபத்திரண்டு. எல்லாம் இருந்தது, வாயில் வைத்து ஊதச் சீவாளிதான் இல்லை. கப்பலில் வரவழைத்தால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

ஆகவே மாமா தானே செய்யத் தொடங்கினார். கோயில் நாகசுரக்காரரிடம் கொறுக்கை என்ற நாணல் தட்டை வாங்கி வருவார். அதில் இரண்டு இதழ்கள் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒரு சின்னப் பித்தளைக் குழாயோடு நூலால் கட்டுவார். பிறகு நுனியைப் பேனாக்கத்தியால் சீவுவார். தடித்துப்போனால் வெறும் காற்று வரும். மெலிந்துபோனால் வாத்து மாதிரிக் கத்தும். பதினொன்று செய்து பார்த்தார். ஆறு காற்று, ஐந்து வாத்து.

"என்ன, இன்னிக்காவது வாத்து முட்டை போட்டுதா?" என்று அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்பார். மாமா அடுத்த தட்டையைக் கையில் எடுப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒரு ஹோட்டலின் பாண்டு மாஸ்டர் முன்னால் மாமா வாசித்துக்காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் பாண்டோடு கொழும்பு. இல்லாவிட்டால் புதன்கிழமை முதல் அப்பாவின் ஆபீஸில் குமாஸ்தா. இது அப்பா வைத்த நிபந்தனை.

திங்கட்கிழமை சாயங்காலம் பன்னிரண்டாவது சீவாளி. மாமா சத்தமாக எண்ணிக்கொண்டே சீவி நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். நானும் எண்ணினேன். வலது இதழில் நாற்பத்தொரு தடவை, இடது இதழில் முப்பத்தெட்டு. ஊதிப் பார்த்தார். காற்றுதான்.

"போறும்டா. இதுக்கு மேல சீவினா கிழிஞ்சுடும்" என்று டம்ளரில் போட்டுவிட்டு எழுந்து போனார். வாயில் வைத்த வஸ்துவாகையால் அந்த டம்ளருக்கு வீட்டுக்குள் இடமில்லை. கிணற்றுச் சுவர்தான் அதன் ஸ்தானம்.

நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வராத எதையும் என்னால் அன்றும் பொறுக்க முடியாது, இன்றும் முடியாது. காலையில் யாரும் எழுந்து வருமுன் சீவாளியை எடுத்தேன். இடது இதழில், மாமாவைப் போலவே மூச்சை அடக்கிக்கொண்டு, மூன்று தடவை சீவினேன். கத்தியை இருந்த இடத்தில் வைத்தேன். சீவாளியை டம்ளரில் போடும்போது அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏண்டா கடங்காரா! அவன் எச்சிலைப் போய்த் தொடறயே!"

முதுகில் இரண்டு விழுந்தது. தலையில் ஒன்பது சொம்பு தண்ணீர் விழுந்தது. சீவியதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தொட்டதுதான் குற்றமென்றால் சீவியது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்குப் புரியவில்லை.

ஈரத் துண்டோடு நான் நடுங்கும்போது மாமா வந்து சீவாளியை எடுத்து ஊதினார். வாத்து இல்லை, காற்று இல்லை. சன்னமாக, நேராக, ஒரு குரல் வந்தது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, கேட்டியா! பேசறது!"

"மாமா, நான் அதை..." என்று ஆரம்பித்தேன்.

"தொட்டா தொட்டுட்டுப் போறே, போடா!" என்று என்னை ஈரத்தோடு தூக்கிச் சுற்றினார்.

பன்னிரண்டரை மணிக்குத் திரும்பி வந்தார். கொழும்புக்கு வேலை கிடைத்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து அந்த இரண்டு எண்களின் கீழ் இரண்டு கோடு போட்டார். "பாத்தியா, பக்கத்துக்குப் பக்கம் மூணு வித்தியாசம் இருக்கணும். அதான்டா சூட்சுமம்" என்று என் காதில் சொன்னார். நான் தலையாட்டினேன். சின்னப் பையன்கள் சீவியது கணக்கில் வராதோ என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் போட் மெயில் ரயிலில் போனார். சீவாளி இருபத்தாறு நாள் உழைத்தது என்று முதல் கார்டு வந்தது. சீவாளிக்கு ஆயுசு அவ்வளவுதானாம். அதே கணக்கில் இன்னொன்று செய்கிறேன் என்று எழுதியிருந்தார். இரண்டாம் கார்டில், பதினேழு செய்தாயிற்று, ஒன்றும் பேசவில்லை, நம் ஊர்த் தட்டை அனுப்பவும் என்று இருந்தது. அனுப்பினோம். மூன்றாம் கார்டில் கொழும்புக் காற்றின்மேல் பழி போட்டிருந்தார்.

நான் ஒரு கார்டு எழுதினேன். 'இரண்டு பக்கமும் நாற்பத்தொன்று செய்து பாருங்கள்.' தபாலில் போடுமுன் அப்பா எல்லாவற்றையும் படிப்பார். ஒன்பது வயதுப் பையன் செய்த சீவாளியில் மாமா வேலை வாங்கினார் என்று சிரிப்பாரே என்று அந்த வரியை அடித்துவிட்டு, 'இங்கு அனைவரும் க்ஷேமம்' என்று எழுதினேன். மாமாவுக்கு உதவி செய்வதாகவே நினைத்தேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் மாமா திரும்பி வந்தார். அப்பாவின் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். நாங்கள் சீவாளியைப் பற்றிப் பேசியதே இல்லை.

அவர் காலமான பிறகு நோட்டுப் புத்தகம் என் கைக்கு வந்தது. கொழும்பிலும், திரும்பி வந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் செய்தவை எல்லாம் அதில் இருந்தன. நூலை மாற்றியிருக்கிறார், கத்தியை மாற்றியிருக்கிறார், ஒரு முறை கிழக்கே பார்த்து உட்கார்ந்து சீவியிருக்கிறார். அந்த இரண்டு எண்களை மட்டும் மாற்றவேயில்லை.

அன்று குரல் வந்தது என் மூன்று தடவையாலா, இரவு முழுவதும் ஊறியதாலா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. எண்ணிப் பார்க்க மட்டும் முடிகிறது. சீவாளி அறுபத்து நான்கு. ஒவ்வொன்றிலும் இடது பக்கம் மூன்று குறை. ஆக மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.