குவைத்திலிருந்து ஐந்து மணி நேரம்

குவைத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்பாவிடம் இதையேதான் சொல்லிவந்தேன். "திருச்சிக்கு பிளைட்டுல அஞ்சு மணி நேரந்தாம்ப்பா. நம்ம அறந்தாங்கியிலேருந்து மெட்ராஸ் போறதவிட சீக்கிரம்."

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தங்கை போன் செய்தது வெள்ளிக்கிழமை காலை, விடுமுறை நாள். என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் போனை எடுக்கவேயில்லை. வாட்ச்மேனிடம் கெஞ்சினேன். பூட்டிய ஆபீஸ் கதவை உதைத்தேன். அந்த ஐந்து மணி நேரம் விமானத்துக்கு மட்டும்தான் என்று அன்றுதான் உறைத்தது.

நான் ஊர் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். எல்லாம் முடிந்திருந்தது.

தங்கை சொன்னாள்: "ஒனக்குப் போன் போட்டதுமே மணி என்னன்னு கேட்டாருண்ணே. அஞ்சு மணி நேரம் ஆனதும், 'எறங்கிருப்பான், கதவத் தொறந்து வைங்க'ன்னாரு. அதுக்கப்புறம் பேசல."