முக்கால் மணி நேரம், பிளேன் வந்தால்

கனடாவின் வடகோடியில் இருக்கிற எங்கள் ஊர் ஆர்க்டிக் பேயிலிருந்து அடுத்த ஊரான பாண்ட் இன்லெட் எவ்வளவு தூரம் என்று முக்பாவிடம் கேட்டால், "முக்கால் மணி நேரம்" என்பார். கொஞ்சம் விட்டு, "பிளேன் வந்தா" என்பார். எங்கள் ஊர் விமானத் தளத்தில் பெட்டி ஏற்றி இறக்கி, ஓடுபாதைப் பனியைத் தள்ளியே கிழவரானவர். இன்றைக்கு விமானம் வராது என்று ஊருக்குச் சொல்லும் வேலையும் அவர் தலையில்தான் விழும். மேகத்தை அவரே கிளப்பிவிட்டது போல எல்லோரும் முறைப்பார்கள். டிக்கெட் போடுகிற எனக்கும் அதில் பங்கு உண்டு.

போன குளிர்காலத்தில் அவர் மனைவி கௌனாக்கை தெற்கே இகாலுயிட் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே போக இவர் பையோடு வந்து நின்றார். பனிப்புயல். ஒரு வாரம் எதுவும் இறங்கவில்லை. கடைசியில் வந்த விமானம் அவளைச் சவப்பெட்டியில் கொண்டுவந்தது. இவர்தான் இறக்கினார்.

வசந்தத்தில் கௌனாக்கின் அண்ணன் மகள் ரோடாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரோடா பாண்ட் இன்லெட்காரி; பிரசவத்துக்கு எல்லோரையும் போல இகாலுயிட் போயிருந்தாள். குழந்தைக்குக் கௌனாக் என்று பெயர் வைத்தாள். இனுயிட்களான எங்களுக்கு, செத்தவர் பெயர் குழந்தைக்கு வந்தால் ஆளே வந்த மாதிரி. முக்பா இனி அதைப் பெண்டாட்டி என்றுதான் கூப்பிட வேண்டும். ஊர்க்கிழவர்கள் விடுவார்களா? பெண்டாட்டிக்குப் பல் முளைப்பதற்குள்ளாவது போய்ப் பார் என்று கடையில் வைத்தே சீண்டினார்கள். அவருக்கும் வேறு நினைப்பே இல்லை.

ரோடா வெள்ளிக்கிழமை ஊர் திரும்புகிறாள் என்று தெரிந்ததும், அடுத்த விமானத்தில் அவருக்கு இடம் போடப் போனேன். வேண்டாமென்றார்.

"அண்ணே, முக்கால் மணி நேரம். பேசாம உக்காந்து போங்க."

"அதை நம்பித்தானே போன தடவை அவளை விட்டேன். கடல் இன்னும் கெட்டியாத்தான் இருக்கு. ஸ்கிடூ பனிவண்டியிலயே போறேன்."

உறைந்த கடல் மேல் அது இரண்டு நாள் பாடு. இடுப்பு வலிக்காரர். எனக்கு வந்த கோபத்தில் வழியனுப்பக்கூடப் போகவில்லை. பின்னால் இழுத்துப்போகும் சறுக்குவண்டியில் கூடாரமும் பெட்ரோலும் ரோடாவுக்குக் கரிபூ மான் இறைச்சியும் கட்டிக்கொண்டு புதனன்று கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பாண்ட் இன்லெட்டை மூடுபனி மூடியது. இகாலுயிட் விமானம் அங்கே இறங்க முடியாமல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு எங்கள் ஊரில் வந்து இறங்கியது. படியில் ரோடா இறங்கினாள், மேலங்கியின் முதுகுப்பக்கத் தொப்பிக்குள் குழந்தையோடு. பனி விலகும்வரை மாமா வீட்டிலேயே தங்கிக்கொள்கிறேன் என்றாள். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நானே கூட்டிப்போய் விட்டேன்.

சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போதே வீட்டுத் தொலைபேசி அடித்தது. முக்பாதான். அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தார். ரோடாவின் புருஷன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். களைப்பில் குரலே எழும்பவில்லை. தன் வீட்டுக்குத் தானே போன் பண்ணிப் பெண்டாட்டி இருக்கிறாளா என்று கேட்டார். ரோடா போனைக் குழந்தையின் காதில் வைத்தாள். அது பசியில் அழுதது.

"கௌனாக்," என்றார். பிறகு அவரும் அழுதார்.

இப்போதே திரும்புகிறேன் என்று அவர் ஆரம்பிக்க, ரோடா போனை வாங்கினாள்.

"தூங்கி எந்திரிச்சு மெதுவா வாங்க மாமா. போன தடவை அவளால உங்களுக்காகக் காத்திருக்க முடியல. இந்தத் தடவை இருப்பா."

மறுநாள் பனி விலகியது. விமானத்தில் ரோடாவின் இருக்கை காலியாகவே பாண்ட் இன்லெட் போயிற்று.