எண்பத்து நான்கு கிலோவுக்கு ஒரு பட்டம்

பாலாநகரில் தராசு பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் விஜயகுமாரிக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. நகைக்கடைத் தராசோ அரிசி மண்டித் தராசோ, எது வந்தாலும் எடைக்கல்லை வைத்துப் பார்த்து, இது சரி, இது திருட்டு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஐந்து கிராம் பிசகினாலும் அவள் கையெழுத்து விழாது. முதலாளியே வந்து கெஞ்சினாலும் விழாது. அப்பேர்ப்பட்டவள் தன் எடையைப் பதினெட்டு கிலோ குறைத்து எழுதினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் எழுதினாள். அறுபத்தாறு என்று, நீல மையில், கை நடுங்காமல்.

அது ஒரு கைட் சர்ஃபிங் கிளப்பின் விண்ணப்பம். ஊருக்கு வெளியே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. ஜூன் மாதம் பட்டறை ஆட்களோடு அங்கே பிக்னிக் போனபோது, ஒருவன் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, தலைக்கு மேலே வீடு அகலத்துக்கு ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டு, அதன் இழுப்பில் தண்ணீர் மேல் சறுக்கிக்கொண்டு போனான். புளியோதரைத் தட்டைக் கீழே வைத்தவள் திரும்ப எடுக்கவே இல்லை. எனக்கு இது வேண்டும் என்று நாற்பத்தாறு வயதில் ஒருத்திக்குத் தோன்றினால் தோன்றியதுதான். அதற்குக் காரணம் கேட்க நாம் யார்?

காரணம் இல்லாமலும் இல்லை. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் ஒவ்வொரு சங்கராந்திக்கும் அண்ணன் பாலச்சந்திரன்தான் பட்டம் விடுவான். அவள் பின்னால் நின்று சர்க்காவைப் பிடிப்பாள். சர்க்கா என்றால் மாஞ்சா நூல் சுற்றிய உருளை. இரண்டு கையிலும் ஏந்தி நிற்க வேண்டும். அவன் "டீல்!" என்று கத்தினால் நூல் தடையில்லாமல் ஓட வேண்டும். பட்டம் ஜெயித்தால் "அஃபா!" என்று மாடியெல்லாம் கூச்சல், புகழெல்லாம் அவனுக்கு. அறுந்துபோனால், "சரியா விடல இவ" என்று பழியெல்லாம் இவளுக்கு. பதினான்கு வருஷம் சர்க்கா பிடித்தாள். ஒரு தடவைகூட நூல் அவள் கைக்கு வரவில்லை.

கிளப்பில் சொல்லிக்கொடுப்பவன் ரஞ்சன், தூத்துக்குடிப் பையன். வாரத்தில் ஐந்து நாள் ஐ.டி. கம்பெனி, சனி ஞாயிறு தண்ணீர். முதல் நாளே சொல்லிவிட்டான்.

"கைட் எவ்வளவு பெருசு வேணுங்கிறதை ரெண்டு விஷயம்தான் தீர்மானிக்கும். ஒண்ணு காத்து, இன்னொண்ணு உங்க எடை. இந்த ஊர்ல கடல் காத்து கிடையாது. ஆடி மாசத்துலயே மெதுவாத்தான் வீசும். அதனால எடையைச் சரியாச் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற நான்கு பேரும் இருபத்தைந்து தாண்டாத ஒல்லிக்குச்சிகள். அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கல்யாணமான வருஷத்து எடையை எழுதிவிட்டாள். ரஞ்சன் அட்டவணையைப் பார்த்து, பன்னிரண்டு சதுர மீட்டர் கைட்டை எடுத்துக் கொடுத்தான்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மற்ற நால்வரும் எழுந்து நின்று சறுக்கினார்கள், விழுந்தார்கள், மறுபடி சறுக்கினார்கள். விஜயகுமாரியை மட்டும் கைட் பாதி தூக்கி, யோசித்து, திரும்பத் தண்ணீரிலேயே உட்காரவைத்தது. குடித்த தண்ணீருக்கு அளவே இல்லை. திங்கட்கிழமை பட்டறையில் கையைத் தூக்க முடியாமல் எடைக்கல்லை மேஜை மேல் உருட்டி உருட்டி வைத்தாள்.

"அறுபத்தாறு கிலோவுக்கு இந்தக் கைட்டே தாராளம்க்கா. எங்க தப்பு நடக்குன்னு எனக்கே புரியல" என்று ரஞ்சன் தலையைச் சொறிந்தான். அடுத்த ஞாயிறுதான் கடைசி. ஆவணியில் காற்று விழுந்துவிடும். சிவப்பு மிதவையிலிருந்து மஞ்சள் மிதவை வரை இருநூறு மீட்டர் விழாமல் போனவர்களுக்குத்தான் உறுப்பினர் அட்டை. போகாதவர்கள் அடுத்த வருஷம் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பையன் நல்லவன், ஆறுதல் சொல்ல நினைத்தான்.

"வேணும்னா ஒண்ணு பண்ணுங்கக்கா. கரையில நின்னு மத்தவங்களுக்குக் கைட்டைப் பிடிச்சு விட ஆள் தேவைப்படுது. நீங்க பொறுப்பா செய்வீங்க."

பிடிக்க ஆள்! விஜயகுமாரிக்குக் காது மடல் சூடேறியது. மறுபடியும் சர்க்காவா? அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம் முந்திக்கொண்டது.

"ரஞ்சன், என் எடை எண்பத்து நாலு" என்றாள். மெதுவாகச் சொல்ல நினைத்தது, நீர்த்தேக்கம் முழுக்கக் கேட்டது. நான்கு ஒல்லிக்குச்சிகளும் திரும்பிப் பார்த்தார்கள். "பொய் எழுதிட்டேன். தப்பு உன்னுது இல்ல, கைட்டுதும் இல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்ரீகாந்த் என்ற ஒல்லிக்குச்சி மட்டும், "ஆன்ட்டி, நானும் நாலு கிலோ கூட்டி எழுதியிருக்கேன்" என்றான். ரஞ்சன் தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான்.

"பதினஞ்சு மீட்டர் வேணும்க்கா உங்களுக்கு. அஞ்சு வாரம் பன்னிரண்டை வச்சு உசிரை விட்டிருக்கிய!"

கிளப் கொட்டகையில் பதினைந்து மீட்டர் கைட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று புதுசு, கிளிப்பச்சை, காற்றடித்து நிறுத்தும் விலா ஐந்து. இன்னொன்று வெளிறிப்போன ஆரஞ்சு, விலா மூன்றுதான், ஒட்டுப்போட்ட இடம் இரண்டு. ரஞ்சன் புதியதை நீட்டினான். விஜயகுமாரி வாங்கவில்லை. வண்டியில் கிடந்த பையிலிருந்து பட்டறையின் தொங்குதராசை எடுத்துவந்து விட்டத்தில் மாட்டினாள். அது எப்போதும் அவள் பையில் இருக்கும், சிலர் குடை வைத்திருப்பதைப் போல. பச்சை நாலு கிலோ அறுநூறு. ஆரஞ்சு மூன்று கிலோ நானூறு.

"மெதுவான காத்துன்னு நீதானே சொன்ன? அந்தக் காத்து முதல்ல கைட்டைத் தூக்கணும், அப்புறம்தான் என்னைத் தூக்கணும். ஒரு கிலோ இருநூறு கிராமைச் சும்மா எதுக்குச் சுமக்கணும்?"

ரஞ்சன் தராசையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "இதைத்தான் அடுத்த பாடத்துல சொல்லலாம்னு இருந்தேன்" என்றான். பிறகு எச்சரிக்கையும் செய்தான். பெரிய கைட் மெதுவாகத்தான் திரும்பும். காற்று திடீரென்று ஏறினால் ஆளையே அள்ளிக்கொண்டு போகும், உடனே கரைக்கு வந்துவிட வேண்டும். காற்று இறங்கினால் வேறு ஆபத்து: கைட்டின் நூல்கள் வந்து சேரும் கைக்கம்பியைப் பிடித்து இழுத்தால் கைட் பின்பக்கமாகச் சரிந்து தண்ணீரில் விழும். "விழுற மாதிரி இருந்தா எல்லாரும் இழுக்கத்தான் செய்வாங்க. அதுதான் தப்பு" என்றான்.

கடைசி ஞாயிறு பாலச்சந்திரனே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். தங்கைக்குத் துணை என்று பெயர். வேடிக்கை பார்க்கத்தான் வந்தான் என்பது வழியெல்லாம் அவன் பேசிய பேச்சில் தெரிந்தது.

"கைக்கு விஜி, எதுக்கு இந்த வயசுல உனக்கு இதெல்லாம்? கை கால் ஒடிஞ்சா யார் பாக்குறது? நக்கோ, வேணாம், சொன்னாக் கேளு."

"அண்ணா, சும்மா வண்டியை ஓட்டு."

கரையில் கைட்டின் ஓரத்தைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் தண்ணீரில் இருந்தார்கள். விஜயகுமாரி இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. நான் கட்டைவிரலைக் காட்டினதும் விடணும். அதுக்கு முன்னால விடக்கூடாது."

பாலச்சந்திரனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாகத் தங்கை ஒரு பட்டத்தைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், கைட் கையிலிருந்து திமிறியதும் வாயை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தான். அவள் கட்டைவிரலைக் காட்டினாள். விட்டான். ஆரஞ்சுக் கைட் அவசரமே இல்லாமல், ஆனால் நிச்சயமாக, மேலே ஏறி நின்றது.

சிவப்பு மிதவைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்து பலகையில் கால்களை நுழைத்துக்கொண்டாள். கைட்டை ஒருபக்கமாகச் சாய்க்கத் தொடங்கிய அதே நேரம் காற்று இறங்கியது. தலைக்கு மேலிருந்த இழுப்பு தளர்ந்து, கைட் பின்னால் சரிய ஆரம்பித்தது. ஐந்து வாரப் பழக்கத்தில் கை தானாகக் கம்பியை மார்போடு இழுத்தது. கைட் இன்னும் சரிந்தது.

கரையிலிருந்து பாலச்சந்திரன் தொண்டை கிழியக் கத்தினான். "இழு விஜி! இழு, இழு! விழுந்துரும்!"

மாடியிலும் அவன் இப்படித்தான். பதறினால் இழுப்பான், இழுத்தால் அறுப்பான். பின்னால் நின்று பார்த்த அவளுக்குத்தான் அது தெரியும். நூலை விட்டால்தான் பட்டம் மூச்சுவிடும் என்று அவள் உள்ளங்கைக்குத் தெரியும். விட்டுக்கொடுத்தது அவள் கைதானே, பதினான்கு வருஷமும்!

டீல், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கம்பியைக் கை நீளத்துக்குத் தள்ளிவிட்டாள்.

கைட் ஒரு கணம் தொங்கியது. பிறகு மூக்கை நீட்டி, முன்னால் நகர்ந்து, வயிறு நிறையக் காற்றை வாங்கிக்கொண்டது. அவள் மெல்லக் கம்பியைத் திரும்ப எடுத்துக் கைட்டைக் கீழே சாய்த்தாள். இடுப்பை யாரோ கொத்தாகப் பிடித்துத் தூக்கியது போல இருந்தது. எண்பத்து நான்கு கிலோவும், ஒரு கிராம் குறையாமல், தண்ணீரை விட்டு எழுந்து நின்றது.

ஐயோ, என்ன சுகம்! காலுக்குக் கீழே தண்ணீர் துணி கிழிவது போலக் கிழிந்து வழிவிட்டது. மஞ்சள் மிதவை வந்தது, கடந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் மனமில்லை. மிதவையைத் தாண்டி இன்னும் ஐம்பது மீட்டர் போய், "அஃபா!" என்று கத்தினாள். மொட்டைமாடியில் ஒருநாளும் தன் பங்குக்குக் கத்தியிராத கத்தல் அது. தண்ணீரிலிருந்து நான்கு ஒல்லிக்குச்சிகளும் திருப்பிக் கத்தினார்கள்.

கரையேறியபோது பாலச்சந்திரன் ஓடிவந்து கைட்டைப் பிடித்தான். அவன் சட்டை முழுக்கச் சேறு, கண்ணில் ஈரம்.

"நான் இழுன்னு கத்தினேனே, காதுல விழலையா?"

"ஹவ், ஆமா, விழுந்துச்சு. அதனாலதான் விட்டேன்."

ரஞ்சன் பதிவேட்டைக் கொண்டுவந்து உறுப்பினர் பக்கத்தைத் திறந்தான். எடை என்ற கட்டத்தில் அறுபத்தாறு இன்னும் இருந்தது. விஜயகுமாரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அதை அடித்தாள். எண்பத்து நான்கு என்று எழுதி, சரிபார்த்த தராசுக்குப் போடுவது போலப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு காற்றைப் பார்த்தாள். இன்னும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

"அண்ணா, கைட்டைக் கீழே போட்டுடாதே" என்றாள். "இன்னொரு ரவுண்டு போறேன். பிடி."

பாலச்சந்திரன் பிடித்துக்கொண்டு நின்றான்.