எட்டு டம்ளர் மோர்

2024 ஜூன் 19, காலை ஆறு ஐம்பது. சித்தூரில் மேகம் மூடியிருந்தது, காற்று அசையவில்லை. திருப்பதி பஸ்ஸின் முதல் படியில் வலது காலை வைத்தேன். உடம்பு மேலே வரவில்லை. பின்னாலிருந்து மனைவி தள்ளித்தான் ஏறினேன்.

நான்கு மாதம் முன்பு திருப்பதி சர்க்கரை டாக்டர், எடை குறையாவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று சொல்லியிருந்தார். சோற்றைக் குறையுங்கள், பால், தயிரில் புரதம் இருக்கிறது, அதைக் கூட்டினால் பசியும் அடங்கும் என்றார். என் அண்ணனுக்கு ஊசி ஆரம்பித்த மறு வருடம் பாதத்தை எடுத்தார்கள். ஊசி அதற்குக் காரணமில்லை என்று தெரியும். தெரிந்தும் பயம்.

இரவுச் சோற்றை நிறுத்தினேன், காலை இட்லியையும். எங்கள் வீட்டில் கெட்டித் தயிரை அப்படியே சாப்பிடுகிற வழக்கம் கிடையாது. சிலுப்பி, தண்ணீர் விட்டு, உப்பும் கறிவேப்பிலையும் போட்டால்தான் வெயிலுக்கு உள்ளே இறங்கும். அந்த மோரை நாளுக்கு எட்டு டம்ளர் குடித்து, எட்டையும் பாலாகவே எண்ணிக்கொண்டேன். எண்பத்து நான்கு கிலோ எழுபத்தைந்தானது. தெருவில் எல்லோரிடமும் சொன்னேன்.

அன்று திருப்பதியில் எடையைப் பார்த்து டாக்டரும் சிரித்தார். நான் கொண்டுபோன ரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். மூன்று முறை முயன்றும் முடியவில்லை. கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார்.

"என்னதான் சாப்பிடறீங்க?"

"தினம் எட்டு டம்ளர் மோர், சார்."

மனைவி முந்திக்கொண்டாள். "அத மோருன்னு வேற சொல்லிக்கினு! ஒரு கிண்ணம் தயிருக்கு ஒரு குண்டான் தண்ணி சார். ஒரு இட்லி துன்னுன்னா கேக்கல. ஆறு ஆச்சு, ஏழு ஆச்சுன்னு வெரல மடக்கிக்கினு இருந்தாரு."

"பெத்தாயனா, பெரியவரே, தண்ணி குடிச்சிட்டுப் பட்டினி கிடந்திருக்கீங்க," என்றார் டாக்டர். "கொழுப்போட சதையும் போயிடுச்சு. சர்க்கரை போய்ச் சேர்ற இடமே சதைதான். அது கரைஞ்சா ரத்தத்துலயே நிக்கும்."

"கெட்டித் தயிராவே சாப்பிடறேன் சார். இன்னும் மூணு மாசம் கொடுங்க."

"தயிரும் சாப்பிடணும், பன்னீரும் சாப்பிடணும். ஊசியும் போடணும்."

பக்கத்து அறையில் நர்ஸ் என் வயிற்றைக் கிள்ளிப் பிடித்து, எங்கே குத்துவதென்று காட்டினாள். தொடையில் பிடிக்கத்தான் சதையில்லை, வயிற்றில் இருந்தது. "இங்க மட்டும் ஒரு பிடி கூட கொறயல," என்றாள் மனைவி. அவளும் சிரிக்கவில்லை.

டாக்டர் பீஸ், பரிசோதனை, ஊசிப் பேனா, மருந்து, இரண்டு பேருக்கும் பஸ், எல்லாம் சேர்த்து நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய்.