அண்ணனைத் தேடி வந்த இருவர்

அண்ணன் உடலை எடுத்தபோது வீட்டில் அம்மா இருந்தார். நான் இருந்தேன். என் கணவர், பக்கத்து வீட்டுச் சித்தப்பா, அண்ணன் வேலை செய்த கொழும்புக் கம்பெனியிலிருந்து ஒருவர், அண்ணனோடு விமானம் ஓட்டிய நண்பர். நண்பர் விமானப்படைச் சீருடையில் வந்தார். மழை. மற்றவர்கள் நேரே சுடலைக்குப் போனார்கள்.

அண்ணன் பிறந்தது மாத்தளையில், இதே தெருவில். அப்பா தேங்காய்க் கடை வைத்திருந்தார். சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் படித்தார். எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. கொழும்பில் வேலை கிடைத்ததும் சம்பளத்தில் பாதியை அம்மாவுக்கு அனுப்பினார். மீதியில் இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகினார். அது தெரிந்த அன்று அம்மா, "பஸ் ஓட்டப் பழகியிருந்தா தரையிலயாவது இருப்பியேடா" என்றார்.

பிறகு விமானப்படையின் தொண்டர் பிரிவில் சேர்ந்தார். கூப்பிட்டால் போய் ஓட்ட வேண்டும். மற்ற நாளில் கம்பெனி வேலை. வெள்ளத்தில் லக்கல மலைக் கிராமங்களுக்குப் போகும் பாதை அறுந்தபோது மேலிருந்து அரிசி மூட்டை போட்டவர்களில் அண்ணனும் ஒருவர்.

சில வருஷம் கழித்து, தொண்டர் விமானிகளில் சிலரை நிரந்தர அதிகாரிகளாக எடுப்பதாகச் சொன்னார்கள். அண்ணனுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. சோதனை எல்லாவற்றிலும் தேறினார். ஊரில் விசாரிப்பது மட்டும் பாக்கி.

இரண்டு பேர் சாதாரண உடுப்பில் ஜீப்பில் வந்தார்கள். அண்ணன் பேரைச் சொல்லி, எந்த வீடு, எங்கிருந்து வந்த குடும்பம் என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்கள். அப்போது எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பிரஜாவுரிமை இல்லை. இந்தியாவிலிருந்து களவாக வந்த கள்ளத்தோணி என்று பிடித்துப் போக வருகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். யாரைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்வது தெருவின் வழக்கம். அண்ணனிடம் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தது. அந்த நேரத்தில் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சித்தப்பா அப்படி ஒரு ஆளே கிடையாது என்றார். எதிர்வீட்டிலும் அதே. கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மகன் இல்லீங்க. இந்தப் புள்ள மட்டுந்தான்."

அப்படி ஒருவர் இல்லை என்று மேலிடத்துக்குப் பதில் போனது. அண்ணன் போய் விளக்கினார். அதற்குள் இடம் நிரம்பிவிட்டது. நண்பரை எடுத்தார்கள். அடுத்த முறை ஆள் எடுத்தபோது அண்ணனுக்கு வயது தாண்டிவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு அண்ணன் வந்தபோது சித்தப்பா முகம் கொடுக்காமல் நின்றார். அண்ணன்தான் போய்ப் பேசினார். "கவர்மெண்டுக்கே தண்ணி காட்டிட்டீங்களே சித்தப்பா" என்றார். சித்தப்பா அழுதார். அம்மாவிடம் அண்ணன் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. கடைசி வரைக்கும்.

தொண்டர் விமானியாகவே இருந்து விலகினார். நெஞ்சு வலிக்கிறது என்று மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனவர் மறுநாள் காலமானார்.

பாடை தூக்கியவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் சோறு கொண்டுவந்த தெருவுக்கும் நன்றி. நண்பருக்கும் நன்றி. அம்மா அன்று அவரோடு மட்டும்தான் பேசினார். அண்ணன் எவ்வளவு பறந்தார் என்று கேட்டார். விமானிகளுக்கு அது மணிக்கணக்கில் இருக்குமாம். அவர் விசாரித்துச் சொல்லி அனுப்பினார்.

அண்ணனின் இந்த நினைவு மலரில் என்ன எழுதுவது என்று அம்மாவைக் கேட்டேன்.

"அவன் எம்மகன்னு போடு. எவ்வளவு நேரம் பறந்தான்னு போடு. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

அம்மாவின் மகன்.

740 மணித்தியாலம்.