அம்மா சொல்லாமல் போட்ட மாத்திரை

மாதாப்பூரில் ஃப்ளாட் வாங்கி, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து அம்மாவை அழைத்து வந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மா விடிந்ததும் பஸ் ஏறிப் பழைய பக்கத்து வீட்டு சரோஜாவைப் பார்க்கப் போய்விடுவாள். சிநேகிதம் விடவில்லை என்று நினைத்தேன். சரோஜா சென்னைக்குக் குடிபோன பிறகு அம்மா எங்கும் போகவில்லை.

சில மாதங்களில் சமையலறையில் மயங்கி விழுந்தாள். மலச்சிக்கல் மாத்திரையைத் தினமும் போட்டதில் பொட்டாசியம் இறங்கிவிட்டதாம். குடலை முடுக்கிவிடும் மாத்திரையைச் சில நாள் போடலாம், ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்றார் டாக்டர்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"வெஸ்டர்ன்ல உக்காந்தா எனக்கு வரமாட்டேங்குதுப்பா. சரோஜா வீட்டுக்குப் போனதே அதுக்குத்தான். நீ ஆசையா வாங்கின வீடு. இதை எப்படிச் சொல்றது?"

மறு வாரமே ஒரு பாத்ரூமை இடித்து இந்தியன் டாய்லெட் போட்டேன். ஆனால் விழுந்ததில் அடிபட்ட முழங்கால் அதன்பின் மடங்கவே இல்லை. அம்மா கதவைப் பிடித்து நின்று பார்த்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குப்பா."

ஃப்ளாட்டை முதன்முதலில் சுற்றிக் காட்டிய அன்றும் அம்மா இதையேதான் சொன்னாள்.