விலைப்பட்டியலில் பிழைத்த வீரன்

பிரிக்ஃபீல்ட்ஸ் புத்தகக் கடை வாசலில், மலிவு விலை மேசையில், அந்தச் சரித்திர நாவல் கிடந்தது. அட்டையில் வாளோடு ஒரு வீரன். அவன் மீசை மட்டும் தனியாகப் போருக்குப் போய்விடும் போலிருந்தது. பிரித்து முகர்ந்தேன். டீசலும் மல்லிகையும் நாசி லெமா தேங்காய்ப்பால் சோறும் கலந்த எங்கள் கம்பெனி பஸ் வாசனை வரும் என்று நினைத்தேன். வந்தது கரப்பான் நாற்றம். ஆனாலும் வாங்கினேன்.

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்கு நாங்கள் அப்போது வேலைக்குப் போன காலை பஸ் அது. ரேடியோ கெட்டுக் கிடந்ததால் கூட வேலை செய்த செல்வி அக்கா இந்த நாவலைத் தினம் கொஞ்சம் சத்தமாக வாசிப்பார். விடிந்தால் போர். கதாநாயகனோ பாசறை வாசலில் நின்று நிலாவிடம் காதலியைப் பற்றிப் புலம்புவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சண்டைக்குப் போறவன் தூங்க வேணாமா? நாளைக்குக் கொட்டாவி விட்டே சாவப்போறான்" என்பேன்.

"சும்மா இரு லா தங்கச்சி, உனக்குக் காதல பத்தி என்னா தெரியும்?" என்பார் டிரைவர் அண்ணன். கதைக்காகவே பஸ்ஸை மெதுவாக உருட்டுவார். கேட்டால் பாலத்தில் நெரிசல் என்பார்.

ஒரு நாள் என் பக்கத்து சீட்டு மேரி சிரிக்கவில்லை. ராணுவத்தில் இருந்த அவள் தம்பியை, வெளிநாட்டில் சண்டை நடக்கும் இடத்துக்கு அமைதிப்படையோடு அனுப்பியிருந்தார்கள். போன் வந்து வாரக்கணக்காகிவிட்டது.

"அக்கா, இவன் திரும்பி வருவானா? அத மட்டும் சொல்லிடுங்க."

எவன் என்று யாரும் கேட்கவில்லை.

செல்வி அக்கா புத்தகத்தையே பார்த்தார். "வருவான்டி. படிக்கிறேன், கேளு."

கதையில் வீரன் வந்தான். கல்யாணம் கட்டினான். மாமியாரோடு முறைத்துக்கொண்டான். மழையில் கூரை ஒழுகியது. சரித்திர நாவலில் எந்த வீரன் வீட்டுக் கூரை ஒழுகியிருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். என் மண்டைக்கு உறைக்கவில்லை. மேரியின் தம்பி போன் செய்த மறுநாள், "முற்றும்" என்றார் அக்கா.

நேற்றுதான் படித்து முடித்தேன். முதல் அம்பிலேயே போய்விடுகிறான், தூங்காத முட்டாள். அதற்குப் பிறகு பதிப்பகத்தின் விலைப்பட்டியல்தான். அக்கா அத்தனை நாளும் அதைப் பார்த்துத்தான் வாசித்திருக்கிறார்.

அக்காவிடம் கேட்க முடியாது, போய்ச் சேர்ந்துவிட்டார். மேரிக்குப் போன் போட்டேன்.

"எனக்கு அப்பவே தெரியும் லா. அக்கா பக்கத்தையே திருப்பல."

"தெரிஞ்சும் ஏன்டி கேட்டுக்கிட்டு இருந்த?"

"நிறுத்திட்டாங்கன்னா?"

அந்தத் தம்பி இப்போது சுபாங் ஜெயாவில் காவலாளி, நல்ல தொந்தி. அந்தச் சாலையில் தொழிற்சாலை பஸ்கள் இன்னும் ஓடுகின்றன. ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு ஒயர். எவன் செத்தாலும் அவரவர் தனியாகத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.